கடைசித் தூணில் கட்டிய துணி

எங்கள் சந்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'தூண் வீட்டக்கா' என்று கேட்டால் கை காட்டுவார்கள். இதில் வேடிக்கை, தூண்களும் என்னுடையவை அல்ல, வீடும் என்னுடையது அல்ல. திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருப்பவள் நான். அக்கா என்று கூப்பிடுகிறவர்களில் ஒருவர்கூட எனக்குத் தம்பியோ தங்கையோ கிடையாது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வேறு பெயர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் இப்போது யாரும் மிச்சமில்லை என்பதால் நானும் திருத்தப் போகவில்லை.

தூண் என்றதும் கோயில் மண்டபத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். பால்கனி விளிம்பில் வரிசையாக நிற்கும் சிமென்ட் குட்டித்தூண்கள். அடியில் சின்னப் பீடம், அதற்கு மேல் பானை வயிறு, வயிற்றுக்கு மேல் ஒடுங்கிய கழுத்து, கழுத்தில் இரண்டு வளையம், தலையில் ஒரு சதுரப் பலகை. அத்தனை தலைகளையும் சேர்த்து மேலே நீளமாக ஒரு கைப்பிடிச் சுவர். கட்டடக்காரர்கள் பேலஸ்டர் என்பார்கள். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா 'டிசைன் தூணு' என்பார். பனியன் தொழில் நன்றாக ஓடிய காலத்தில் திருப்பூரில் எழும்பிய எந்த வீட்டை அண்ணாந்து பார்த்தாலும் இந்தத் தொந்தி வரிசை தெரியும். கல்யாண மண்டபத்திலும் உண்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் உண்டு. எல்லாருக்கும் ஒரே மோல்டில் வார்த்துக் கொடுத்தார்களோ என்னவோ, ஊர் முழுக்க ஒரே வயிறு.

எங்கள் வீட்டுக்காரம்மாவின் கணவர் சொந்தமாக ஒரு சின்ன பனியன் கம்பெனி ஆரம்பித்த புதிதில் இந்த மாடியைக் கட்டினாராம். மகனுக்குக் கல்யாணமானால் குடிவைக்கலாம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டியது. கல்யாணமான மகன் அவிநாசி ரோட்டுப் பக்கம் பெரிய வீடாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அழகு பார்க்க வைத்த தூண்கள் எங்கள் பங்குக்கு வந்தன.

அழகு பார்க்கிறவர்கள் தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். துடைக்கிறவளுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. இந்த ஊர்க் காற்றில் எப்போதும் நூல்பஞ்சு பறந்துகொண்டிருக்கும். அது நேராக வந்து தூணின் கழுத்து வளையத்தில்தான் உட்காரும். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஈரத் துணியோடு ஒவ்வொரு கழுத்தாகத் துடைத்துக்கொண்டு வருவேன். துடைத்து முடித்து நிமிர்வதற்குள் முதல் தூணில் மறுபடியும் பஞ்சு படிந்திருக்கும். இந்தத் தொந்திகளை மனதாரத் திட்டியிருக்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் பிழைக்க வந்து, கைக்குழந்தையாக இருந்த பையனோடு இந்த மாடியில் குடியேறினோம். அவர் டெய்லர். நான் செக்கிங். செக்கிங் என்றால், தைத்து வருகிற பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்ணாலேயே பிடிக்கிற வேலை. குறை இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். வேறொருவர் சரி செய்வார். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிற வேலை உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கண்ணுக்கு அதுவே பழகிவிட்டதா, குடிவந்த கொஞ்ச நாளிலேயே பால்கனி வரிசையில் ஒரு தூண் தலைகீழாக நிற்பதைப் பார்த்துவிட்டேன். கதவிலிருந்து மூன்றாவது. எல்லாத் தூணுக்கும் தொந்தி கீழே, இதற்கு மட்டும் நெஞ்சில். கட்டியவர் அவசரத்தில் திருப்பி வைத்துவிட்டார். இத்தனை வருஷமாக அந்த வீட்டார் யாரும் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு ஸ்டிக்கரைக் கொண்டுவந்து அதன் வயிற்றில் ஒட்டினேன்.

"ஏளா, சிமென்ட்டக்கூட விட மாட்டியா நீ?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசியாக அவர் உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது உள்ளே புழுக்கம் தாங்காமல் பால்கனியில்தான் பாய் விரித்துப் படுத்திருப்பார். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு தூண்களின் இடைவெளி வழியாகத் தெருவைப் பார்ப்பார். ஒருநாள் என்னையும் பக்கத்தில் படுக்கச் சொன்னார். "தூணப் பாக்காத. ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்க காலி எடத்தப் பாரு. உடுக்கை மாதிரி தெரியுதா?" என்றார். தெரிந்தது. வயிறு முட்டுகிற இடத்தில் ஒடுங்கி, மேலும் கீழும் அகன்று, வரிசையாக ஆகாயத்தில் உடுக்கைகள். அவர் போன பிறகு எனக்குத் தூண்கள் கண்ணில் படுவதே குறைந்துவிட்டது. அங்கே உட்கார்ந்தால் நடுவில் இருக்கிற காலி இடம்தான் தெரியும்.

பையன் படித்து பெங்களூருவில் வேலையாகி, அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. நல்லவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். "சாப்ட்டியாம்மா?" என்பான். சாப்பிட்டேன் என்பேன். மழையா என்பான். இல்லை என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. அவனைக் குறை சொல்லி ஸ்டிக்கர் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

இனி வேன் விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதலிபாளையத்தில் இருந்த எங்கள் கம்பெனிக்குத் தினமும் காலையில் வேன் வந்து ஆட்களை ஏற்றிப் போகும். எங்கள் சந்து குறுகல், வேன் உள்ளே வராது. சந்து முனையில் நின்று ஹாரன் அடிக்கும். யாராவது லீவு என்றால் அது தெரியாமல் வேன் நிற்கும், மற்றவர்களுக்கு நேரமாகும், கம்பெனி வாசலில் எல்லாருக்கும் திட்டு விழும். டிரைவருக்கோ வண்டி ஓட்டும்போது போன் எடுக்கிற பழக்கமில்லை. சிடுமூஞ்சி. ஆனால் அந்த விஷயத்தில் சரியான மனுஷர். அவரே ஒரு வழி சொன்னார்.

"வரலீன்னா வாசல்ல ஒரு வேஸ்ட் துணியக் கட்டி உட்ருங்க. பாத்துட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். துணி இல்லீன்னா வர்றீங்கன்னு அர்த்தம். நின்னு ஹாரன் அடிப்பேன்."

வேஸ்ட் துணிக்கு இந்த ஊரில் பஞ்சமா? கட்டிங்கில் மிஞ்சும் பனியன் துண்டு எல்லார் வீட்டிலும் மூட்டையாக இருக்கும். அடுப்படியும் துடைக்கும், வண்டியும் துடைக்கும். அப்படி எங்கள் வழித்தடத்தில் கேட்டில், ஜன்னல் கம்பியில், முருங்கைக் கிளையில் என்று அவரவர் இடம் உண்டு. எனக்கு பால்கனியின் கடைசித் தூண். சந்து முனையில் நிற்கும் வேனுக்கு எங்கள் வீட்டில் அந்த ஒரு மூலைதான் தெரியும். துணியைத் தூணின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டால் தொந்தி தாங்கிக்கொள்ளும், கீழே நழுவாது. அந்தத் தொந்தியால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அது. நான் அதிகம் லீவு போடுகிறவள் இல்லை. அவர் இறந்தபோதுதான் துணி பல நாள் அவிழ்க்காமல் கிடந்தது. திரும்ப வேலைக்குப் போன அன்று வேனில் ஏறியதும், டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "ஜன்னல் பக்கம் உக்காருங்க்கா" என்றார். துக்கம் விசாரிக்கிறேன் பேர்வழி என்று வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஆர்டர் குறைந்தது. வயதானவர்களாகப் பார்த்து நிறுத்தினார்கள். இந்த ஊரில் வேலையை விட்டு அனுப்புவதுகூட அத்தனை மரியாதையாக நடக்கும். "கொஞ்ச நாள் ரெஸ்ட்ல இருங்கம்மா. ஆர்டர் வந்ததும் சொல்லி உடறோமுங்க" என்று சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். வெளியே வந்து பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு வேலை போய்விட்டது உறைத்தது.

மறுநாள் காலையில் பழக்கத்தில் எழுந்து குளித்துவிட்டேன். டிரைவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. பாவம், நின்று ஹாரன் அடிப்பாரே என்று கடைசித் தூணில் ஒரு துணியைக் கட்டினேன். நியாயம்தானே? அதற்கு மறுநாளும் கட்டினேன். சொல்லி அனுப்புகிறேன் என்றுதானே சொன்னார்கள், அப்படியென்றால் நான் லீவில் இருக்கிறேன், லீவு என்றால் துணி கட்ட வேண்டும். இப்படி எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். ஒரு மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்தது. யாரும் சொல்லி அனுப்பவில்லை. நான் தினமும் துணி கட்டிக்கொண்டிருந்தேன். வேன் போனதும் அவிழ்த்து மடித்து வைத்துவிடுவேன்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் காலையில் எழுந்ததும் செய்வதற்கு அது ஒன்று இருந்தது. அதைச் செய்தால்தான் அடுத்து உலை வைக்கத் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்த ஒரு அம்மா இறந்துபோனார். கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். எத்தனை நாளாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்காரம்மா படியில் நின்று காய் நறுக்கிக்கொண்டே, "பால்காரர் ஊருக்குப் போயிருந்தாருங்களாமா. அவர் இருந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமுங்க" என்றார்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. சாவுக்குப் பயந்து அல்ல. நான் பால் பாக்கெட்டைக் கடையில் போய் வாங்குகிறவள். பையன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், எடுக்காவிட்டால் அம்மா கடைக்குப் போயிருப்பாள் என்று நினைப்பான். வீட்டுக்காரம்மா மகன் வீட்டுக்குப் போனால் வாரக்கணக்கில் வர மாட்டார். நான் ஒருநாள் எழுந்திருக்காவிட்டால் அன்றைக்கே யாருக்குத் தெரியும்? பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒருவரும் தேறவில்லை. கடைசியில் மிஞ்சியவர் அந்தச் சிடுமூஞ்சி டிரைவர். துணி கட்டியிருந்தால் இருக்கிறேன் என்று அர்த்தம். இல்லாவிட்டால் அவர் நிற்பார்.

நிற்பாரா? அதுதான் தெரியவில்லை. காலையில் வேன் சந்து முனைக்கு வரும்போது வேகம் குறைவது கேட்கும். ஆனால் அங்கே ஒரு வேகத்தடை இருக்கிறது. வேன் என்னைப் பார்க்க வேகம் குறைக்கிறதா, வேகத்தடைக்காகக் குறைக்கிறதா? மூலையில் நின்று எட்டிப் பார்த்தால் எதிர்வெயிலில் வேன் கண்ணாடி பளபளக்கும், டிரைவர் முகம் தெரியாது. தெரிந்தாலும் நின்று பார்க்க எனக்கு ரோஷம். என்னைப் பார் என்று கெஞ்சுகிற மாதிரி நிற்பதா? கட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். வேகத்தடையில் வேன் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டு, வேன் போய்விடும்.

ஒருநாள் துணி கட்டாமல் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த யோசனை வராமல் இல்லை. பலமுறை துணியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயே நின்றிருக்கிறேன். கட்டாமல் விட்டு, வேன் பாட்டுக்குப் போய்விட்டால்? அதற்குப் பிறகு நான் எதை வைத்து நம்பிக்கொண்டிருப்பேன்? கடைசி நிமிஷத்தில் ஓடிப்போய்க் கட்டிவிடுவேன்.

இப்படியே போயிருக்கும். ஒரு தூண் வெடித்துவிட்டது. சிமென்டுக்குள் இருந்த கம்பி துருப்பிடித்து ஊதி, நடுவில் ஒன்றின் தொந்தி பிளந்து, ஒரு துண்டு தெருவில் விழுந்தது. நல்லவேளை, யாரும் அடியில் இல்லை. வீட்டுக்காரம்மா மாடி ஏறி வந்தார்.

"ஆரு தலைலயாச்சும் உளுந்திருந்தா என்னுங்க ஆகறது? எல்லாத்தையும் எடுத்துப்போட்டு எவர்சில்வர் பைப்பும் கண்ணாடியும் வெச்சர்லாம்னு பையன் சொல்லிப்போட்டானுங்க. இப்ப ஆருங்க இந்தத் தூணு வெக்கறாங்க?"

நியாயம்தான். நானே எத்தனை முறை சபித்த தூண்கள். ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கண் தானாகக் கடைசித் தூணுக்குப் போய்விட்டது. "அந்த மூலைத் தூணு நல்லாத்தான இருக்கு?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒண்ண மட்டும் உட்டு வெச்சா நல்லாவாங்க இருக்கும்?" என்றார். என்னவென்று பதில் சொல்வது? என் உயிர் அதன் கழுத்தில் இருக்கிறது என்றா சொல்ல முடியும்?

ஒரு மத்தியானம் வடக்கத்தி ஆட்கள் இரண்டு பேரும் கொத்தனாரும் வந்தார்கள். சம்மட்டியால் ஒரே போடு, தொந்தி தனி, கழுத்து தனி. அடிக்கு ஒன்று என்று விழுந்துகொண்டே போயிற்று. தலைகீழ்த் தூணும் மற்றதைப் போலத்தான் உடைந்தது. நான் ஒட்டிய ஸ்டிக்கர் எப்போதோ வெயிலில் உதிர்ந்து, அது ஒட்டியிருந்த இடம் மட்டும் பெயின்ட் மங்காமல் சின்னதாகத் தெரிந்தது. அதையும் சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் பார்த்தால் பால்கனி ஒரு வெறும் பலகை. தூணும் இல்லை, உடுக்கையும் இல்லை. ஒரே ஆகாயம். அவர் படுத்திருந்த இடத்தில் சிமென்ட் தூள் கிடந்தது. கூட்டலாம் என்று காலை வைத்தேன், கொத்தனார் விடவில்லை. "அந்தப் பக்கமே வரப்படாதுங்க்கா, புடிமானம் இல்லீங்க. கண்ணாடி வர்ற வரைக்கும் கதவத் தொறக்காதீங்க" என்று பால்கனிக் கதவை உள்பக்கமாகவே பூட்டி, சாவியைக் கீழே வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை. குளித்தேன். துணியை எடுத்தேன். பச்சை நிறம், கடைசியாக நான் செக்கிங் பார்த்த ஆர்டரின் துண்டு. எடுத்த பிறகுதான் கட்ட இடமில்லை என்று புத்தியில் ஏறியது. ஜன்னல் சந்து முனைக்குத் தெரியாது. படியிறங்கிப் போய் டிரைவரிடம் நேரில் சொல்லலாம்தான். என்னவென்று சொல்வேன்? வேலை போனவள் உங்களுக்கு தினமும் துணி கட்டிக்கொண்டிருந்தேன், இன்றைக்குத் தூண் இல்லை என்றா? அவர் எந்தத் துணி என்று கேட்டுவிட்டால்?

பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்றேன். என் வாழ்க்கையில் பரீட்சை முடிவுக்குக்கூட அப்படி நின்றதில்லை. வேன் வருகிற சத்தம் கேட்டது. வேகம் குறைந்தது. வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான், போகிறது என்று நினைத்தேன். போகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோது சந்து நாயெல்லாம் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

செருப்புப் போடவில்லை. படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சந்தில் பாதி தூரம் ஓடியிருப்பேன். எதிரே டிரைவர் நடந்து வந்துகொண்டிருந்தார். வேனை முனையிலேயே விட்டுவிட்டு, ஆட்களையும் உட்காரவைத்துவிட்டு வருகிறார். என்னைப் பார்த்ததும் நின்றார். முகத்தில் அதே சிடுசிடுப்பு.

"துணியக் காணமேன்னு பாத்தா, தூணையே காணம்! என்னமோ ஏதோன்னு பதறிப்போட்டனுங்க்கா."

எனக்கு மூச்சு வாங்கியது. "நேத்து இடிச்சுட்டாங்க. நான்தான் வேலைக்கே வரலயே. இத்தன மாசமா உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்கு நிக்கீங்க?"

இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தார். "துணி இல்லீன்னா நிக்கோணுமுங்களே" என்றார்.

கையிலிருந்த பச்சைத் துணியை அப்போதுதான் கவனித்தேன். அதை வைத்தே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நடுச்சந்தில் நின்று அப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை. அங்கே வேனுக்குள்ளிருந்து, "அண்ணா, நேரமாச்சு!" என்று யாரோ கத்தினார்கள். போகத் திரும்பியவர் இரண்டடி போய் நின்றார்.

"நாளைக்கு எங்கீங்க கட்டுவீங்க?"

யோசிக்க எனக்கு நேரமில்லை. சந்து முனையில் ஒரு மின்கம்பம் இருந்தது. அதைத் தாங்கிச் சாய்வாகத் தரைக்கு இறங்கும் இழுகம்பியைக் காட்டினேன். "செரீங்" என்றுவிட்டுப் போனார். அன்றைக்கு வேன் தாமதமாகத்தான் கம்பெனிக்குப் போயிருக்கும். உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் வாசலில் திட்டு விழுந்திருக்கும். எனக்கு அதில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை.

இப்போது பால்கனிக்குக் கண்ணாடி வந்துவிட்டது. மேலே எவர்சில்வர் பைப். தொந்தியும் இல்லை, கழுத்தும் இல்லை, துணி வழுக்கிக்கொண்டு போகிறது, இரண்டு முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது. "இத்தன அழகா வெச்சு, அதுல கந்தலக் கட்டறீங்களே" என்று வீட்டுக்காரம்மா அலுத்துக்கொள்கிறார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

கண்ணாடி போட்ட மறுநாள் காலையில் துணியைக் கட்டிவிட்டு, ரோஷத்தை ஒதுக்கிவைத்து, அங்கேயே நின்றேன். வேன் வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியது. நிற்காமல் போனது. அது நிற்காமல் போனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று யாரிடம் சொன்னாலும் புரியாது.